பென்னிகுயிக் என்று ஒரு பிள்ளை

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பையனைப் பென்னிகுயிக் என்று கூப்பிட்டால் உள்ளூர்க்காரர் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தேனியின் புதிய பேருந்து நிலையத்துக்கு அந்தப் பெயர். கடைப் பலகைகளில் அந்தப் பெயர். குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்கும் லோயர் கேம்ப்பில் 2013 ஜனவரி 15 அன்று அந்தப் பெயருக்குரிய பிரிட்டிஷ் பொறியாளருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். அந்தத் தேதி அவருடைய பிறந்தநாள். தைப்பொங்கலை ஒட்டி வருவதால் அவர் படத்தின் முன் பொங்கல் வைத்துக் கும்பிடும் வழக்கமும் பாலார்பட்டி போன்ற ஊர்களில் நிலைத்துவிட்டது. மேற்கே ஓடிக் கடலில் விழுந்த பெரியாற்றுத் தண்ணீரை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர் என்ற நன்றி அது. 1876–78 பஞ்சத்தைக் கண்ட தென்மாவட்டங்களுக்கு 1895இல் அந்தத் தண்ணீர் வந்தது. பள்ளத்தாக்கு இருபோக நிலமானது. தாத்தாவின் பெயரையும் குலசாமியின் பெயரையும் பிள்ளைக்கு வைத்துவந்த வீடுகளில் மூன்றாவதாக இந்தப் பெயரும் சேர்ந்தது.

ஆனால் பென்னிகுயிக் என்பது அந்த மனிதரின் சொந்தப் பெயரில்லை, குடும்பப்பெயர். சொந்தப் பெயர் ஜான். 1841இல் புனேயில் பிறந்தவர். அவருடைய தகப்பனாரும் ஜான் பென்னிகுயிக்தான், ராணுவ அதிகாரி. 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் நடந்த சில்லியன்வாலா போரில் அவர் இறந்தார். அதே களத்தில் மூத்த மகன்களில் ஒருவரான அலெக்சாண்டரும் இறந்தார். பிரிட்டிஷ் ராணுவ வரலாறு படித்தவர்களுக்குப் பென்னிகுயிக் என்றதும் அந்தத் தகப்பனும் மகனும்தான் நினைவுக்கு வருவார்கள். இன்னும் பின்னால் போனால், ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே அதே பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. ஊரின் பெயர் குடும்பத்துக்கு வந்தது. குடும்பத்தின் பெயர் ஒரு பொறியாளரோடு முல்லையாற்றங்கரைக்கு வந்தது. அங்கிருந்து ஒரு விவசாயி வீட்டுத் தொட்டிலுக்கு வந்தது. ஊரும் குடும்பமும் போர்க்களமும் வழியிலேயே கழன்றுவிட்டன. தொட்டிலுக்கு வந்தபோது மிஞ்சியது ஒரே ஒரு மனிதரின் நினைவு.

ஒரு குடும்பத்தின் பெயரை எடுத்து நம் ஆண்பிள்ளைக்கு முதற்பெயராக வைக்கலாமா என்று கேட்டால் பாலக்காடு, இடுக்கி எல்லையில் பலவிதமாகப் பதில் வரும். அது ஊரான் வீட்டுப் பெயர், நமக்கெதற்கு என்பார்கள் பெரியவர்கள். வாயில் நுழையாது என்பார் பாட்டி. படிவம் நிரப்பும்போது குழப்பம் வரும் என்பார் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய மாமா. பெரிய மனிதர் பெயர், பிள்ளைக்குப் பெருமைதானே என்பார் தகப்பன். இவற்றில் எதையும் ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் தகப்பன் பக்கம் நியாயம் கூடுதலாக இருப்பதாகவே நான் நினைக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால், இந்த எல்லைப்புறத்தில் பெயர் என்பது எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

பாலக்காட்டிலிருந்து தொடங்கலாம். கல்பாத்தி, நூரணி, திருநெல்லாய் என்று வரிசையாக இருக்கும் அக்கிரகாரங்களை அங்குள்ள தமிழர்கள் ‘கிராமம்’ என்றே சொல்வார்கள். அங்கே பிள்ளை பிறந்த பதினோராம் நாள் புண்யாகவாசனம். தட்டில் பச்சரிசியைப் பரப்பி, தங்க மோதிரத்தால் தகப்பன் அதில் பெயரை எழுதுவார். பிறகு குழந்தையின் காதில் மூன்று முறை சொல்வார். எழுத வேண்டிய பெயர் என்ன என்பதில் பெரிய யோசனை கிடையாது. முதல் ஆண்பிள்ளை என்றால் அப்பாவழித் தாத்தாவின் பெயர். இதில் ஒரு சிக்கல்: மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அதனால் பெயர் வைத்த நாளிலேயே அந்தப் பெயர் பெட்டிக்குள் போய்விடும். பிள்ளை அம்பியாகவோ மணியாகவோ கிச்சாவாகவோ வளர்வான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் அன்றுதான் தாத்தாவின் பெயர் வெளியே வரும். அதற்கு முன்னால் இரண்டு எழுத்து நிற்கும்: ஒன்று ஊர், ஒன்று தகப்பன்.

தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷன் 1932இல் திருநெல்லாயில் பிறந்தவர். ‘டி’ அந்த ஊர். ‘என்’ தகப்பனார் நாராயண ஐயர். பாடகர் எம்.டி. ராமநாதனின் ‘எம்’ மஞ்சப்பிரா. ‘டி’ தகப்பனார் தேவேச பாகவதர். செம்பை வைத்தியநாத பாகவதரை ரசிகர்கள் ‘செம்பை’ என்று ஊர்ப் பெயராலேயே சொல்கிறார்கள். பாலக்காட்டு இசைக் கல்லூரிக்கும் அப்படித்தான் பெயர். ஸ்காட்லாந்துக் குடும்பத்துக்கு ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது போலத்தான் இதுவும். வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே ஊரைவிட்டுப் போன பிறகும் தலைமுறை தலைமுறையாகப் பெயர் கூடவே போகும். இங்கே தகப்பனின் எழுத்து ஒரு தலைமுறையோடு மாறும். ஊர் எழுத்தும் பம்பாய்க்கோ சென்னைக்கோ குடிபோனதும் உதிரும். உதிராமல் நின்றது ‘ஐயர்’ என்ற சாதிப் பட்டம்தான். பம்பாயில் பள்ளியிலும் ஆபீசிலும் குடும்பப்பெயர் கட்டாயம் என்று கேட்டபோது பாலக்காட்டுக்காரர்கள் பலர் அந்தப் பட்டத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். வேறு சிலர் தகப்பனின் சொந்தப் பெயரையே குடும்பப்பெயராக்கினார்கள். வடக்கஞ்சேரியிலிருந்து அமெரிக்கா போன குடும்பத்தில் 1985இல் பிறந்த விவேக் ராமசாமி இந்த இரண்டாவது வகை. அங்கே ராமசாமி என்பது குடும்பப்பெயர். இங்கே ராமசாமி என்று தெருவில் கூப்பிட்டால் நான்கு பேர் வந்து நிற்பார்கள்.

இடுக்கிப் பக்கம் வந்தால் நிலவரம் வேறு. உயர்மலைக்குக் குடியேறிய சிரியன் கிறிஸ்தவ விவசாயிகளிடம் வீட்டுப் பெயர் இனிஷியலாக நிற்கும். மகனுடைய இரண்டாம் பெயர் தகப்பனின் முதற்பெயர். தோமஸ் ஜோசப்பின் மகன் ஜோசப் தோமஸ். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அவர்களிடமும் உண்டு என்பதால் இரண்டே பெயர்கள் தலைமுறைகளுக்கு இடம் மாறிக்கொண்டே போகும். எது முதற்பெயர், எது குடும்பப்பெயர் என்று வெளியூர்க்காரர் கேட்டால் அவர்களுக்கே சிரிப்பு வரும். மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் வேலை செய்யும் தமிழர்களிடம் குடும்பப்பெயரே கிடையாது. செக்ரோல் என்னும் கூலிப் பதிவேட்டில் பெயரும் தகப்பன் பெயரும் இருந்தால் போதும். பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் விவசாயிகளிடம் தாத்தா காலம்வரை கவுண்டர் என்ற பட்டம் பெயருக்குப் பின்னால் நின்றது. இன்று பிள்ளைகளின் சான்றிதழில் இனிஷியல் மட்டும்.

பட்டம் உதிர்ந்தது தானாக நடந்ததல்ல. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானம் போட்டது, ஈ.வெ. ராமசாமி நாயக்கர் ஈ.வெ. ராமசாமி ஆனார். அதன் பலனாகத் தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் வந்தது. அந்த வெற்றிடத்தை அறிந்த சமூகம்தான் பிறருடைய குடும்பப்பெயரைத் தயக்கமின்றி எடுத்து முதற்பெயராக வைத்தது. நமக்கு அது குலத்தின் பெயராகக் காதில் விழவில்லை. ஒரு தலைவரின் பெயராகத்தான் விழுந்தது.

வரிசையாகச் சொன்னாலே புரியும். காஷ்மீரப் பண்டிதர் குடும்பத்துக்கு நேரு என்பது குடும்பப்பெயர், திருச்சியில் கே.என். நேருவுக்கு அதுதான் பெயர். காந்தி குஜராத்தில் வணிகக் குடும்பப் பெயர். 2021 தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் ராணிப்பேட்டையில் தி.மு.க.வின் ஆர். காந்தி வென்றார், நாகர்கோவிலில் பா.ஜ.க.வின் எம்.ஆர். காந்தி வென்றார், இருவருக்கும் அது சொந்தப் பெயர். வங்காளத்துத் தாகூர் குடும்பத்தின் பெயர் விருதுநகர் எம்.பி. மாணிக்கம் தாகூரிடம் இருக்கிறது. மதுரை, தேனி, ராமநாதபுரம் பக்கம் போஸ் என்ற பெயர் ஏராளம். முத்துராமலிங்கத் தேவர் தலைமையேற்ற பார்வர்டு பிளாக்கும், மலேயாவிலிருந்து இந்தியத் தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களும் அதற்குக் காரணம். எல்லைக்கு அப்பால் கேரளத்திலும் அதே கதை. கோட்டயம் மாவட்டத்து மான்னானத்தில் 1951இல் பிறந்த சி.வி. ஆனந்த போஸுக்கு அந்தப் பெயரைத் தந்தது நேதாஜி மீது தகப்பனாருக்கு இருந்த பற்று. 2022 நவம்பரில் அவர் மேற்கு வங்க ஆளுநராக நியமிக்கப்பட்டார். போஸ் என்றால் காயஸ்தர் குடும்பம் என்று காது பழகிய ஊருக்கு, ஒரு மலையாளி தன் பெயரிலேயே போஸைக் கொண்டு போனார்.

வெளிநாட்டுத் தலைவர்களிடம் வந்தால் இதில் இன்னொரு நுட்பம் தெரிகிறது. தமிழ் வீடுகளில் கென்னடி உண்டு, லிங்கன் உண்டு, மார்க்ஸ் உண்டு, லெனின் உண்டு, ஸ்டாலின் உண்டு. இவற்றை வைத்த இந்துக் குடும்பங்கள் ஜான் என்றோ ஆபிரகாம் என்றோ ஜோசப் என்றோ வைப்பது அரிது. காரணம் மதம். ஜான், ஆபிரகாம், ஜோசப் என்ற பெயர்கள் நம் ஊரில் ஏற்கெனவே இருக்கின்றன. வைத்தால் பிள்ளை கிறிஸ்தவன் என்று ஆகிவிடும். குடும்பப்பெயருக்கும், லெனின், ஸ்டாலின் போன்ற புனைபெயருக்கும் அந்த முத்திரை கிடையாது. மதத்தைத் தொடாமல் மனிதரை மட்டும் எடுத்துக்கொள்ள அது வழிவிடுகிறது. இந்தியத் தலைவர்களிடம் இந்தத் தடை இல்லை. அதனால்தான் ஜவஹர், நேரு இரண்டும் உண்டு, சுபாஷ், போஸ் இரண்டும் உண்டு. கம்பத்து விவசாயி தன் பிள்ளைக்கு ஜான் என்று பெயர் வைக்காமல் பென்னிகுயிக் என்று வைத்ததில் இந்தக் கணக்கும் இருக்கிறது என்பது என் துணிபு. அரசு ஆவணங்களிலும் ஊர்ப் பேச்சிலும் வெள்ளைக்கார அதிகாரிகள் குடும்பப்பெயராலேயே அறியப்பட்டார்கள் என்பது வெளிப்படையான காரணம். அதற்கடியில் கிடப்பது இது.

கிறிஸ்தவர்களிடம் இந்த வழக்கம் இன்னும் பழையது. பிரான்சிஸ் சேவியர் 1542இல் கோவாவுக்கு வந்து, அந்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கும் வந்தவர். ஸ்பெயினின் நவார் நாட்டில் தாய்வழிக் குடும்பத்தின் கோட்டை சேவியர்; தகப்பனார் ஹுவான் தெ ஹாசோ. அந்தக் கோட்டையின் பெயர்தான் இன்று தூத்துக்குடியிலிருந்து தேவிகுளம் தோட்டம்வரை ஆயிரக்கணக்கான ஆண்களின் முதற்பெயர். நம் நாக்கு அதைச் சவரியாக்கி, சவரிமுத்து, சவரியப்பன் என்று வளர்த்தும் விட்டது. 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் தெ பிரிட்டோவுக்கு அருளானந்தர் என்று அழகான தமிழ்ப் பெயர் இருந்தும், பிரிட்டோ என்ற போர்த்துக்கீசியக் குடும்பப்பெயர் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் முதற்பெயராக நிலைத்தது. பாஸ்கோ, வியான்னி என்ற புனிதர்களின் குடும்பப்பெயர்களும் அப்படி. சீர்திருத்த சபையாரிடம் வெஸ்லி, லூதர். பாட்டியின் வாயில் நுழையாது என்ற கவலைக்கு சவரிமுத்து நல்ல விடை. நுழையாத பெயரை நாக்கு தன் வசதிக்குச் செதுக்கிக்கொள்ளும். கொஞ்ச காலத்தில் அது நம் பெயர்.

இங்கிலாந்தில் இதே வழக்கம் வேறு காரணத்துக்காக வளர்ந்தது. குடும்பப்பெயரைத் திருமுழுக்குப் பெயராக வைப்பது புதிதாக வந்த பழக்கம் என்று வரலாற்றாசிரியர் வில்லியம் கேம்டன் 1605இல் வெளியான தன் நூலில் குறித்திருக்கிறார். ஞானத்தகப்பனின் குடும்பப்பெயரையோ தாய்வழிக் குடும்பத்தின் பெயரையோ பிள்ளைக்கு முதற்பெயராக வைத்தால், சொத்தும் உறவும் யாரிடமிருந்து வந்தன என்பது நினைவில் நிற்கும். ஸ்டான்லி, ஹோவர்டு, டக்ளஸ், சிட்னி எல்லாம் அப்படி முதற்பெயரானவை. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் தாயின் பிறந்தவீட்டுப் பெயரை மூத்த மகனுக்கு வைக்கும் வழக்கமும் இந்த வகைதான். அவர்களுக்குக் குடும்பப்பெயரை முதற்பெயராக்குவது வம்சத்தை இறுக்கிப் பிடிப்பது. நமக்கு அது வம்சத்தை அவிழ்த்துவிடுவது. ஆகவே அங்கே எழும் கேள்விகளை, உரிமையுள்ள குடும்பம் வருந்துமா, பையனை ஏறுமாறாக அழைத்துவிடுவார்களா என்பவற்றை, அப்படியே இங்கே கொண்டுவந்து கேட்பதில் பயனில்லை.

இந்த நன்றி பெரும்பாலும் ஆண்பிள்ளை வழியாகவே போகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பெண்பிள்ளைகளுக்கு இந்திரா, சரோஜினி, கமலா. 1963இல் விண்வெளிக்குப் போன வாலண்டினா தெரஷ்கோவாவின் பெயரை இடதுசாரிக் குடும்பங்கள் தங்கள் பெண்களுக்கு வைத்தபோதும் வாலண்டினா என்றே வைத்தார்கள்; தெரஷ்கோவாவைத் தொடவில்லை. ஆணைக் குடும்பப்பெயராலும் பெண்ணைச் சொந்தப் பெயராலும் அழைக்கும் உலக வழக்கம் நம் தொட்டில்களிலும் படிந்திருக்கிறது. குடும்பப்பெயரைப் பெண்ணுக்கும் வைக்கலாம் என்பது என் விருப்பம். பாரதி என்ற பட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது!

இனி, இந்த வழக்கத்தின் உண்மையான எல்லையைச் சொல்ல வேண்டும். நேருவையும் போஸையும் தாகூரையும் முதற்பெயராக வைத்த அதே ஊர்களில் மேனன் என்றோ நாயர் என்றோ ஐயர் என்றோ கவுண்டர் என்றோ ஒரு பையனுக்கு முதற்பெயர் வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை. வி.கே. கிருஷ்ண மேனனைப் போற்றியவர்கள் பிள்ளைக்குக் கிருஷ்ணன் என்று வைப்பார்கள்; மேனன் என்று வைக்க மாட்டார்கள். அந்தச் சொல்லின் சாதி நமக்குத் தெரியும். நேருவின் சாதி நம் தெருவில் யாருக்கும் ஒரு பொருட்டில்லை. தூரம்தான் குடும்பப்பெயரைச் சுத்தமாக்கித் தருகிறது. பக்கத்தில் இருப்பவரின் பட்டத்தை எடுத்தால் உரிமைச் சண்டை வரும். தூரத்தில் இருப்பவரின் பெயரை எடுத்தால் மரியாதை. ஆகவே ஊரான் வீட்டுப் பெயர் நமக்கெதற்கு என்று கேட்கும் பெரியவர் உள்ளூர்ப் பட்டங்களைப் பற்றிச் சொல்வது சரி. தூரத்துப் பெயர்களைப் பற்றி அவருடைய அச்சம் தேவையற்றது.

ஆனால் பென்னிகுயிக் தூரத்துப் பெயரா? தேனியில் ஆம். மலையேறிக் குமுளியைத் தாண்டினால் இல்லை. பென்னிகுயிக் கட்டிய அணை நிற்பது இடுக்கி மாவட்டம் பீர்மேடு தாலுகாவில். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் கையெழுத்தான குத்தகை 999 ஆண்டுக்கு. ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் 8,000 ஏக்கருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1970இல் அது ஏக்கருக்கு 30 ரூபாயானது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அந்த அணையின் கீழே வண்டிப்பெரியாறு, உப்புதறை, சப்பாத்து. அங்கே மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும் ஒவ்வோர் அடியும் செய்தி. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினையில் எல்லை கொதித்தபோது குமுளிச் சாலை அடைபட்டது. தோட்டத்துக்குப் போன தமிழ்க் கூலிகள் பயந்து மலையிறங்கினார்கள். 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. கீழே இருப்பவர்களின் அச்சம் தீர்ப்போடு தீர்ந்துவிடவில்லை. அந்த அச்சம் உண்மையானது. தேனியின் நன்றி எவ்வளவு உண்மையோ அவ்வளவு.

இதில் நெஞ்சைத் தொடும் இடம், வண்டிப்பெரியாற்றுத் தேயிலைத் தோட்ட லயங்களில் குடியிருப்பவர்களில் பெரும்பகுதி தமிழர்கள் என்பது. தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கில் மாமன் மச்சான் வீடு; அணைக்குக் கீழே சொந்த வீடு. ஒவ்வொரு நாள் விடியலிலும் கம்பம், கூடலூர், போடிப் பக்கத்திலிருந்து ஜீப்புகளில் நெருக்கி உட்கார்ந்து பெண்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு மலையேறுகிறார்கள், சாயங்காலம் இறங்குகிறார்கள். அந்த ஜீப்பில் போகும் ஒரு தாய் தன் மகனுக்குப் பென்னிகுயிக் என்று வைத்தால் கம்பத்தில் அது நன்றி. அதே பையன் கட்டப்பனையில் வேலைக்கு விண்ணப்பித்தால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அதைக் கட்சிச் சின்னமாகப் படிக்கக்கூடும். லயத்தில் இருக்கும் தமிழ்த் தகப்பனுக்கோ அந்தப் பெயரில் உறவுக்காரரின் வயலும் தன் வீட்டின் மேல் நிற்கும் நீரும் ஒரே சமயத்தில் வந்து நிற்கும். அவர் அந்தப் பெயரை வைக்கத் தயங்கினால் அதை நன்றிகெட்டதனம் என்று நான் சொல்ல மாட்டேன்.

பெயரோடு வரும் கதையும் பிள்ளையின் தலையில் ஏறும். சொத்தை விற்று, மனைவியின் நகையை விற்று அணையை முடித்தார் என்று பள்ளத்தாக்கில் சொல்வார்கள். சென்னை மாகாண அரசின் பணத்தில் கட்டியது என்பதே அரசு ஆவணம் சொல்வது. காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் செத்த கூலிகளும், வெள்ளத்தில் அடித்துப்போன கட்டுமானத்தை மறுபடி மறுபடி எழுப்பிய கைகளும் அந்தக் கதையில் சின்னதாகிவிடுகின்றன. பென்னிகுயிக் என்று பெயர் வைப்பவர்கள் அந்தக் கூலிகளின் கதையையும் பையனுக்குச் சொல்லி வளர்த்தால் நல்லது. அவர்களில் பலருடைய பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

வளைகுடாவிலிருந்து திரும்பிய மாமாவின் கவலையைச் சிறியது என்று தள்ளிவிடக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட் படிவத்தில் முதற்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப்பெயருக்கு ஒரு கட்டம். இரண்டாவதைக் காலியாக விடலாம். நம் ஆட்கள் பலர் விட்டார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைப் பார்வையாளர் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது கேரளத்திலும் தமிழகத்திலும் எத்தனை வீடுகள் பதறின! தகப்பன் பெயரோ குடும்பப்பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. அமெரிக்க விசாவில் இன்னும் விசித்திரம். குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், இருக்கும் ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு, முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கு எஃப்.என்.யு. என்று அச்சடிப்பார்கள். பென்னிகுயிக் என்று மட்டும் பெயருள்ள கம்பத்துப் பையன் அந்த விசாவை வாங்கினால், அவன் பெயர் மறுபடி ஒரு குடும்பத்தின் பெயராகிவிடும்.

விசா இல்லாமலும் இந்தத் திரும்பல் நடக்கிறது. மு.க. ஸ்டாலின் 1953 மார்ச் 1 அன்று பிறந்தார்; மார்ச் 5 அன்று ரஷ்யாவில் ஸ்டாலின் இறந்தார்; மு. கருணாநிதி மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார். அடுத்த தலைமுறையில் உதயநிதி ஸ்டாலின். கே.என். நேருவின் மகன் அருண் நேரு 2024இல் பெரம்பலூரில் வென்று மக்களவைக்குப் போனார். ராஜீவ் காந்தி அமைச்சரவையில் இருந்த, நேரு குடும்பத்து அருண் நேருவின் பெயரும் எழுத்துக்கு எழுத்து அதே. குடும்பப்பெயர் முதற்பெயராகி, ஒரே தலைமுறையில் மறுபடி குடும்பப்பெயரின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. இந்த முறை அது தகப்பனின் பெயர் என்பதுதான் வேறுபாடு. தமிழ்நாட்டில் இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தபிறகு, பென்னிகுயிக்கின் மகள் பள்ளிக்கூடத்தில் தன் பெயருக்கு முன்னால் ‘பெ.’ என்று எழுதுவாள்.

இப்போது பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பிறப்புப் பதிவில் பெயர் இல்லாமல் பதிந்திருந்தால் ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை சேர்க்கலாம். முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் எழுதியதே கடைசியில் பெயராக நின்றது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அந்தக் காலத்தை முடித்துவிட்டது. அந்தத் தேதியிலோ அதற்குப் பின்னோ பிறந்த குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், ஆதார் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். ஆகவே பென்னிகுயிக்கோ போஸோ பிரிட்டோவோ, பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் எழுதுவது என்பதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். தமிழில் பென்னிகுயிக், பென்னி குவிக், பென்னிகுக் என்று மூன்று விதமாக எழுதுகிறார்கள். மலையாளத்தில் எழுதுவது இன்னொரு விதம். எல்லையின் இருபுறமும் சான்றிதழ் வாங்கும் குடும்பத்துக்கு ஓரெழுத்து மாறினாலும் ஆண்டுக்கணக்கில் அலைச்சல். இனிஷியலை எழுத்தாக விடாமல் தகப்பன் பெயரையோ தாயின் பெயரையோ விரித்து எழுதி, பாஸ்போர்ட்டின் குடும்பப்பெயர்க் கட்டத்தில் அதையே நிரப்பினால், பென்னிகுயிக் என்பது எந்த நாட்டின் படிவத்திலும் அந்தப் பையனுடைய சொந்தப் பெயராகவே நிற்கும்.